சிகரெட் தாளும் ஒரு பாஸ்போர்ட்டும்

இரண்டு வருடத்துக்கு முன்னால், லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்கு அலங்கார விளக்கு கட்டிக்கொண்டிருந்த சமயம். சிராங்கூன் ரோட்டில் ஆட்கள் உயரத்தில் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு சந்தில் நானும் என் மோட்டார் சைக்கிளுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வேலை தெரிந்து இழுத்தார்கள், நான் தெரியாமல் இழுத்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துவிட்டோம் என்று யாரும் வருத்தப்படக் கூடாது. வயது ஐம்பத்திரண்டு, எடை தொண்ணூறு கிலோ. ஆரம்பப் பள்ளியின் கடைசிப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். மூன்றாவது தடவை எழுதச் சொல்ல வாத்தியாருக்கே மனசு வரவில்லை. லிட்டில் இந்தியாவில் நாலைந்து கடைகளுக்குக் கடிதம், சாமான், பத்திரம் என்று எதையாவது வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தொழில்.

ரோட்டுப் பெயர்ப் பலகையைப் படிக்க எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அந்த ரோடு எனக்குப் பின்னால் போய்விடும். சிராங்கூன், கேலாங் என்றால் கண்ணை மூடிக்கொண்டே போவேன். அதைத் தாண்டி அனுப்பினால் அரை நாள் ஊர் சுற்றிவிட்டு வருவேன்.

அதனால்தான் ஒரு நண்பர் காரை விற்றபோது, அதில் இருந்த பழைய ஜிபிஎஸ் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். உள்ளங்கை அகலம்தான். அதில் ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்துகொண்டு, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வருவாள். இடது எது வலது எது என்பது எனக்குத் தெரியும், கையில் வாட்ச் கட்டியிருந்தால்.

ஒரே சிக்கல், அதன் உள்ளே இருந்த பேட்டரி செத்துப்போயிருந்தது. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் அவள் வாய் திறப்பாள். காரில் சொருகும் சாக்கெட் ஒன்று வாங்கி, ஹேண்டில் பக்கம் மாட்டினேன். இனி அந்த சாக்கெட்டுக்கு வண்டியிலிருந்து ஒரு ஒயர் கொடுக்க வேண்டும். வொர்க்‌ஷாப்பில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் எனக்குள் ஒரு இஞ்சினியர் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

முதல் நாள், பிரேக் விளக்கின் ஒயரிலிருந்து இழுத்தேன். பிரேக்கை அழுத்தினால்தான் அந்த ஒயரில் கரண்ட் வரும் என்பது, வண்டியை எடுத்துக்கொண்டு புக்கிட் தீமா வரை போன பிறகுதான் புரிந்தது. வழி கேட்க வேண்டுமா, பிரேக்கை அழுத்து. விட்டால் ஊமை. அன்றைக்குப் பூராவும் பிரேக்கை அழுத்தி அழுத்தியே போனேன். பின்னால் உட்கார்ந்து வந்த என் மனைவி, வீடு வந்து சேர்ந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, ரோட்டுல போற ஒவ்வொருத்தருக்கும் வணக்கம் வச்சிட்டே வந்தீங்களா? நானும் ஒங்க கூடவே குனிஞ்சு குனிஞ்சு என் கழுத்தே போச்சு."

அடுத்த நாள், சாவியைத் திருப்பியதும் எரியும் பின்விளக்கின் ஒயரிலிருந்து எடுத்தேன். அதை சீட்டுக்கு அடியில் செருகி, பெட்ரோல் டேங்க் ஓரமாக இழுத்து, முன்னால் கொண்டுவந்தேன். வெள்ளைக்காரி நன்றாகப் பேசினாள். இரண்டு நாள் கழித்து வண்டி நடுரோட்டில் செத்தது. சீட்டைத் திறந்து பார்த்தால், நகம் அளவு இருக்கும் ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது. பக்கத்திலேயே மாற்று ஃபியூஸ் ஒன்று வைத்திருப்பார்கள், அதைப் போட்டேன். மறுநாள் அதுவும் எரிந்தது. ஒரு ஃபியூஸ் எரிந்தால் ஏன் எரிந்தது என்று யோசிப்பவன் புத்திசாலி. இரண்டு எரிந்தும் யோசிக்காதவன் நான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடை தேடிப் போய் ஃபியூஸ் வாங்கச் சோம்பல். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் இருந்தது. அதற்குள் வெள்ளியாய் ஒரு தாள் இருக்குமே, அதைக் கிழித்து, எரிந்த ஃபியூஸின் இரண்டு காலிலும் சுற்றி, திரும்பச் சொருகினேன். வண்டி உடனே உயிர் பெற்றது. அவளும் பேசினாள். எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கள் காலை ஒன்பது மணிக்கு எனக்கு வேலை கொடுக்கும் ஒரு கடையிலிருந்து போன். விமான டிக்கெட், ஃபோட்டோகாப்பி எல்லாம் பார்க்கும் கடை அது. கடைக்காரர் படபடவென்று பேசினார்.

"அண்ணே, ஓடி வாங்க. நேத்து ஒரு தம்பி காப்பி எடுக்க வந்தாரு. பாஸ்போர்ட்ட மிஷினுக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டாரு. இப்ப மூடியத் தூக்குறேன், உள்ள கெடக்குது. அவருக்கு இன்னிக்கு டெஸ்டாம்."

போனேன். அந்தத் தம்பி கடைக்காரரின் போனில் காத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கட்டட வேலையில் இருப்பவர். ஊரின் இன்னொரு கோடியில், கிராஞ்சியில் விடுதி. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரிக்கல் ஒயரிங் டெஸ்ட். பத்தரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அவர் இங்கே வந்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போக நேரம் இல்லை.

"அண்ணே, பாஸ்போர்ட் இல்லாம உள்ள விடமாட்டாங்களாம். அடுத்த டெஸ்ட் எப்பன்னு தெரியாது. எனக்கு அடுத்த மாசம் வேலை பெர்மிட் முடியுது. இது பாஸானாத்தான் புதுப்பிப்போம்னு கம்பெனில சொல்லிட்டாங்க. இல்லேன்னா ஊருக்குத்தான் போகணும்."

குரல் நடுங்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அது நடுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"ஒண்ணும் கவலப்படாதீங்க தம்பி. என் வண்டில ஜிபிஎஸ் இருக்கு. நானே கரண்ட் குடுத்தது" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் பாஸ்போர்ட்டை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். எங்கள் தொழில் வழக்கப்படி, கவரின் மேல் என் போன் நம்பரை எழுதினேன். வண்டியின் பின்னால் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பூட்டின் சாவியும் வண்டிச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் உயிர் அந்த வளையத்தில்தான் தொங்கியது.

எக்ஸ்பிரஸ்வே வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அங்கிருந்து இறங்கி, கிராஞ்சியில் பண்ணைகள் இருக்கும் ரோட்டில் திரும்பினேன். இரண்டு பக்கமும் மரம், புல். ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பஸ் நிறுத்தத்தில் மைனா ஒன்று மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருந்தது. மணி பத்து. இன்னும் எண்ணூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பச் சொன்னாள் வெள்ளைக்காரி. அதோடு அவள் வாய் மூடியது. பெட்டியைத் தட்டினேன். மினுக்கியது, அணைந்தது.

பிறகு ஒரு வாசனை வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. யாரோ குச்சியில் கோத்த கறி, சாத்தே சுடுகிறார்கள் என்று நினைத்தேன். காலை பத்து மணிக்கு, ஆளில்லாத ரோட்டில், யார் சாத்தே சுடுவார்கள்? அப்புறம் உட்கார்ந்த இடம் சூடானது. வெயில் என்று நினைத்தேன். வெயில் மேலே இருந்துதான் வரும், கீழே இருந்து வராது என்று புரிய இன்னும் கொஞ்ச தூரம் ஆனது. என் இரண்டு தொடைக்கு நடுவிலிருந்து புகை வந்ததும்தான் விஷயம் விளங்கியது.

வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டுவிட்டு ஓடினேன் பாருங்கள், அந்த ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் விளையாட்டிலாவது பாஸாகியிருப்பேன். இரண்டு பஸ் நீளம் தள்ளிப் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் கறுப்பாய்ப் புகை.

அப்போதுதான் பெட்டி கண்ணில் பட்டது. பாஸ்போர்ட்!

வீரம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அந்தத் தம்பி குரல் நடுங்காமல் பேசினாரே, அதுதான் காதில் கேட்டது. கவர் எரிந்துபோச்சு தம்பி என்று அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பயம், தீயின் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான். திரும்ப ஓடினேன். பெட்டியைத் திறக்க சாவி வேண்டும், சாவி வண்டியில் இருக்கிறது. அதைத் திருப்பி இஞ்சினை அணைத்து, உருவி, பெட்டியைத் திறந்து, கவரை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். சீட்டின் தையல் ஓரத்தில், சாமி விளக்கு அளவுக்கு ஒரு தீ எட்டிப் பார்த்தது. நான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்கிள்! தள்ளுங்க லா! டேங்க் பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன பாக்குறீங்க?"

நல்ல தமிழ்க் குரல். திரும்புவதற்குள் ஒரு மூட்டை ஈரமண் வந்து விழுந்தது, பாதி சீட்டின் மேல், மீதி என் மேல். ஒரு விதை போட்டிருந்தால் என் தலையில் முளைத்திருக்கும். மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நான் நிறுத்தியதே அவருடைய செடிப் பண்ணையின் வாசலில்தான். இன்னொரு மூட்டையும் தூக்கி வந்து கொட்டினார். புகை அடங்கியது.

"அங்கிள், ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயே? எப்படிப் புடிச்சுச்சு?"

"கம்பெனிக்காரன் போட்ட ஒயரே சரியில்லம்மா" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"கம்பெனி மேல கம்ப்ளெய்ன் பண்ணுங்க லா. விடாதீங்க!" என்று எனக்காகக் கோபப்பட்டார்.

பாஸ்போர்ட் கதையைச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் அவருடைய வேன் நின்றது. அதில் கறிவேப்பிலைக் கன்றும் வெற்றிலைக் கொடியும் ஏற்றியிருந்தது. எல்லாம் லிட்டில் இந்தியா கடைகளுக்கு, காலையிலேயே போய்ச் சேர வேண்டியவை. பயிற்சி நிலையம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

"ஏறுங்க" என்றார்.

"ஒங்க டெலிவரி?"

"கறிவேப்பிலை எங்கயும் ஓடிப்போகாது. அந்த அண்ணனுக்கு கேட் மூடிருவாங்க. ஏறுங்க லா!"

முன்சீட்டில் துளசித் தொட்டி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எண்ணூறு மீட்டர், வலது பக்கம் என்று வெள்ளைக்காரி சொன்னதை ஒப்பித்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. குறுக்கே ஒரு சின்ன ரோட்டில் திருப்பி, இரண்டு வளைவு, ஒரு லாரியைத் தாண்டி, போய் நிறுத்தும்போது வேனின் கடிகாரம் பத்து இருபத்தேழு காட்டியது.

கேட்டுக்கு வெளியே ஒரே ஒருவர்தான் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. தோளில் கருவிப் பை. காவலாளியிடம் கெஞ்சவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையெல்லாம் மண்ணோடு, கையில் துளசியோடு வேனிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தார். நான் சட்டைக்குள் கையை விட்டுக் கவரை எடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உள்ளே ஓடினார். பின்னாலேயே காவலாளி கேட்டை இழுத்து மூடினார்.

அந்தப் பெண் என்னைப் பண்ணைக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

"நான் டெலிவரி முடிச்சிட்டு வந்துர்றேன். அப்புறம் ஒங்க வண்டிய ஏத்தி விடலாம். சும்மா ஒக்காராம செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா அங்கிள்?"

ஊத்தினேன். மூன்று மணி நேரம், வாழைக் கன்றிலிருந்து மல்லிகை வரைக்கும். ஒவ்வொரு வாளிக்கும் அந்தப் பொய் நெஞ்சில் குறுகுறுத்தது. கம்பெனிக்காரன் ஒயர்!

இரண்டு மணி வாக்கில் அவர் திரும்பி வந்தார், கையில் எனக்கும் ஒரு பொட்டலம் சோறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அந்தத் தம்பிதான்.

"அண்ணே, டெஸ்ட் முடிஞ்சிருச்சு. கவர்ல ஒங்க நம்பர் இருந்துச்சு. காலைல ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல. எங்கண்ணே இருக்கீங்க? ஏன் வேன்ல வந்தீங்க? வண்டிக்கு என்னாச்சு?"

சொன்னேன். பஸ் எப்போதாவது வரும் அந்த ரோட்டில், வெயிலில், அரை மணி நேரம் நடந்தே வந்து சேர்ந்தார், தோளில் அதே கருவிப் பையோடு. தண்ணீர் குடித்தார். டெஸ்ட் எப்படி என்றதற்கு, "செஞ்சிருக்கேண்ணே" என்று மட்டும் சொன்னார். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

என் பொய் வெளியே வந்துவிடும் என்று நான் குறுக்கே போய் நின்றேன்.

"விடுங்க தம்பி, களைச்சுப் போயிருப்பீங்க. நான் வொர்க்‌ஷாப்ல பாத்துக்கிறேன்."

"இருங்கண்ணே, ஒரு நிமிசம்."

மண்ணைத் தள்ளி சீட்டைத் தூக்கினார். என் ஒயர் கரிந்து கிடந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புத் தகட்டில் அது நசுங்கிய இடத்தைக் காட்டினார். நான் ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் தொண்ணூறு கிலோவும் அந்த இடத்தில்தான் இறங்கியிருக்கிறது. மேல்தோல் தேய்ந்து, கம்பி இரும்பைத் தொட்டிருக்கிறது. இத்தோடு விட்டுவிடுவார் என்று பார்த்தேன். அவர் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"அண்ணே, இதென்ன மினுமினுன்னு?"

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார்.

"அங்கிள், கம்பெனிக்காரன் போட்டதுன்னு சொன்னீங்களே, எந்தக் கம்பெனி? சிகரெட் கம்பெனியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தம்பி மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தார். காலையில் அவ்வளவு அழுத்தமாக நின்றவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நான்தாம்மா போட்டேன். பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன்.

"பொய்ய விடுங்க லா. நான் பாட்டுக்கு ஒங்களுக்காகக் கம்பெனிய அவ்ளோ திட்டினேன். அதத் திருப்பி வாங்கிக்கிறேன்."

சிரிப்பு அடங்கியதும் அந்தத் தம்பி ஃபியூஸை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஃபியூஸ் எரியுறது கெட்டது இல்லண்ணே. உள்ள ஏதோ தப்பு நடக்குதுன்னு அது செத்து நமக்குச் சொல்லுது. நீங்க ரெண்டு தடவயும் கேக்கல. மூணாவது தடவ அது வாயிலயே தாளச் சுத்திட்டீங்க."

பிறகு சாவி போடும் இடத்தைத் தொட்டு, "அணைச்சிட்டுத்தான் ஓடினீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி, அப்படியே விட்டுட்டு ஓடிட்டேன். அப்புறம் ஒங்க பாஸ்போர்ட் ஞாபகம் வந்துச்சு. பெட்டியத் தொறக்க சாவி வேணுமேன்னு வந்து திருப்பினேன்."

அவர் கரிந்த ஒயரை விரலால் அளந்தார். தீ வந்து நின்ற இடத்துக்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"இந்த ஒயர் சாவி போட்டாத்தான் கரண்ட் வாங்கும். நீங்க திருப்பினதும் சூடு நின்னுருக்கு. அதுக்கப்புறம் எரிஞ்சது சீட் பஞ்சு மட்டுந்தான், மண்ணப் போட்டதும் அணைஞ்சிருச்சு. திருப்பாம விட்டிருந்தா..."

மீதியை நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். டேங்க் வெடிக்கும் நேரத்துக்குச் சரியாக அந்தப் பெண் மண்மூட்டையோடு அந்த வாசலுக்கு வந்திருப்பார், நானும் வேடிக்கை பார்க்க அவர் பக்கத்தில் போய் நின்றிருப்பேன்.

வேனில் இருந்த மாற்று ஃபியூஸைப் பிடுங்கி அந்தப் பெண் கொடுத்தார். என் இஞ்சினியர் வேலையை எல்லாம் அறுத்தெறிந்துவிட்டு, அந்தத் தம்பி வண்டியை ஓட வைத்தார். அடுத்த ஞாயிறு லிட்டில் இந்தியாவுக்கு வந்து, ஜிபிஎஸ்ஸுக்குத் தனி ஒயர், அதற்கென்று தனியாக ஒரு குட்டி ஃபியூஸ், சீட்டில் நசுங்காதபடி ஒரு உறை என்று முறையாகப் போட்டுக் கொடுத்தார். டீ மட்டும்தான் வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து போன் செய்து, "அண்ணே, பாஸ்" என்றார். நான் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். என் பரீட்சைக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

வண்டி தீப்பிடித்த அன்று வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தீ, புகை, டேங்க், எல்லாவற்றையும் கைகால் ஆட்டிச் சொல்லி முடித்தேன். என் மனைவி முழுசாகக் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சிகரெட்ட விட்டு ஒரு வருசமாச்சுன்னு சொன்னீங்களே, தாள் எங்கேர்ந்து வந்துச்சு?"

அந்தத் தீ அணைய ஒரு வாரம் ஆனது. சிகரெட்டை நிஜமாகவே விட்டது அன்றைக்குத்தான்.

இப்போது அந்தப் பண்ணைப் பெண்ணின் செடிகளை லிட்டில் இந்தியாவில் எங்கே பார்த்தாலும் ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்காமல் வரமாட்டேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பூராவும் கறிவேப்பிலை. வண்டியில் அந்த வெள்ளைக்காரி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், நானும் இன்னும் வழி தவறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பும்போதெல்லாம் என் கை ஒரு நொடி நிற்கும்: யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டைக் காப்பாற்றத்தான் நான் அன்றைக்குத் திரும்பி ஓடினேன், அதுதான் என்னைக் காப்பாற்றியது.